மாமாவின் பெட்டியில் செத்தவர்கள்

என் பேரன் படிக்கும் பள்ளியில் போன வாரம் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். செல்போன் விளையாட்டுகளில் வெட்டும் குத்தும் அதிகமாகிவிட்டன, ஆபாசமும் இருக்கிறது, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பதினேழு பேர் பேசினார்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். உங்களில் எத்தனை பேர் அந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்க எழுந்தேன். மகள் முறைத்தாள். வீட்டில் காஸை அணைத்தோமா என்ற கவலையும் அதே நேரத்தில் பிடித்துக்கொண்டதால் உட்கார்ந்துவிட்டேன். கேட்டிருந்தால், நான் ஏழாவது படித்தபோது எங்கள் ஊரில் நடந்ததையும் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பௌர்ணமிக் கூட்டத்தை நம்பி என் தாய்மாமா பாதையோரம், எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே கடை வைத்தார். முதலில் சோடா, பிறகு வாடகை சைக்கிள், பிறகு பாட்டு கேசட். மூன்றும் ஓடவில்லை. நாலாவதாகச் சென்னையில் யாரோ கழித்துப்போட்ட ஒரு வீடியோ கேம் பெட்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பீரோ உயரம். முன்னால் ஒரு கைப்பிடி, இரண்டு பொத்தான்கள். காசு போட்டால் பனியன் போட்ட ஒருவன் துப்பாக்கியோடு ஓடுவான், எதிரில் வருகிறவர்களை எல்லாம் சுடுவான். இதுவும் ஓடாவிட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவேன் என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு இருந்தது அந்த ஒரு தம்பிதான்.

பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. வெறுங்காலோடு தொட்டால் ஷாக் அடிக்கும். சென்னையில் இது யாருக்கும் தெரிந்திருக்காது. மலை சுற்ற வருகிறவர்களோ செருப்பில்லாமல்தான் வருவார்கள். முதல் பௌர்ணமியிலேயே நாலு பக்தர்கள் அலறியதும், மாமா கீழே ஒரு மரப்பலகையைப் போட்டு, "பலகை மேல் நின்று ஆடவும்" என்று எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினார். அங்கே அரைகுறை உடையில் ஒரு பெண் படம் இருந்தது. அறிவிப்பு அவளுடைய இடுப்பிலிருந்து முழங்கால்வரை மறைத்தது. மறைத்த பிறகுதான் எல்லோரும் அதை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் கடையில் நிற்கிறார்கள், சுடுகிற ஆட்டம், அம்மணப் படம், அதுவும் சாமி சுற்றும் பாதையில் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. கடையை மூடச் சொல்லி முன்னால் நின்றவர் என் பெரியப்பா. அவர் ராணுவத்தில் இருந்து திரும்பியவர். ஊரே பட்டாளத்தார் என்றுதான் சொல்லும். திரௌபதி அம்மன் கோயில் விழாக் குழுவுக்கும் அவரே தலைவர். அந்த நிலையில் உள்ளவர் வீடியோ கேம் கடைக்குள் காலை வைக்க முடியாது. ஆனால் கூட்டத்தில் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் விவரம் வேண்டும். அதனால் என்னைக் கூப்பிட்டார். நான் எதையும் எண்ணுகிற பிள்ளை என்பது வீட்டில் ஒரு வியாதியாகவே பேசப்பட்டது.

"போய் ஆடு. ஒரு ஆட்டத்துல எத்தினி பேர் சாவறான்னு எண்ணிகினு வா" என்று காசைக் கொடுத்தார்.

பெரியப்பாவை முறை வைத்து மாமா என்று கூப்பிடும் மாமாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "பெரிய மாமா குடுத்த காசா? போடு, போடு. என் கடைய மூடறதுக்கு அவரே யாவாரம் குடுக்கறாரு பாரேன்."

எனக்கு ஆட வராது, அதனால் மாமா ஆடினார். நான் பக்கத்தில் பலகை மேல் நின்று எண்ணினேன். பாதியிலேயே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சுடப்பட்டவன் விழுந்து, மின்னி மின்னி மறைந்துபோகிறான். கொஞ்ச நேரத்தில் அதே சிவப்புத் துணி, அதே மீசையோடு இன்னொருவன் வருகிறான்.

"செத்தவன் எங்க மாமா போறான்?"

"எங்க போவான்? உள்ளாறயே சுத்திகினு மறுபடியும் வரான்."

பெட்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு விசிறி ஓடிக்கொண்டிருந்தது, நிறையத் தூசி இருந்தது. அன்று என்னைக் குடைந்ததெல்லாம், ஒரே ஆள் பத்து முறை செத்தால் அதை ஒன்று என்று எழுதுவதா பத்து என்று எழுதுவதா என்பதுதான். முகங்களைப் பார்த்து எண்ணுவதே சரி என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் எதிரே கூட்டம். மாமா ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பயப்படாம சொல்லு. ஒரு ஆட்டத்துக்கு எத்தினி பேரு?" என்றார் பெரியப்பா.

"நாலு பேர் பெரியப்பா" என்று கத்தினேன்.

"நாலா? சரியா எண்ணுனியா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆளு நாலுதான். அவங்களே திரும்பத் திரும்ப வந்து சாவறாங்க. எத்தினி வாட்டின்னு கேட்டீங்கன்னா அறுபத்தி மூணு."

"அடடே, அறுபத்து மூவர் கணக்கு!" என்றார் டீக்கடைக்காரர். கூட்டம் சிரித்தது. அவர் விடவில்லை. "ஏண்டா, நம்ம ஊர்ல துரியோதனன் வருஷா வருஷம் சாவறானே, அவன எப்பிடி எண்ணுவ?"

கோடையில் எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். களிமண்ணால் துரியோதனனைத் தரையில் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் தொடையில் அடித்ததும் உள்ளே புதைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். நன்றாகத் தெரியட்டும் என்று பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டுவார்கள். அந்தத் தண்ணீருக்குக் குங்குமம் கரைப்பது பெரியப்பாவின் பொறுப்பு.

நான் யோசித்துச் சொன்னேன். "அவரு ஒரே ஆளு. ஆனா ரத்தம் இங்கதான் ஜாஸ்தி."

இப்போது பெண்கள் பக்கமும் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

"இங்க அழறதுக்கு அவன் அம்மாக்காரி வரா இல்ல? மாருல அடிச்சிகினு களத்தச் சுத்திச் சுத்தி அழறா இல்ல? உன் மாமன் பொட்டில செத்தவனுக்கு யாருன்னா அழுதாங்களா?"

நினைவுபடுத்திப் பார்த்தேன். "இல்ல பெரியப்பா. பாயிண்டுதான் ஏறுது."

மாமாதான் வாயைத் திறந்தார். "அழறதுக்கு ஆள் வெச்சா அடுத்தவன் எப்ப மாமா காசு போடறது?"

மறுபடியும் சிரிப்பு. கடைசியில் டீக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார். "பட்டாளத்தாரே, சின்னப் பையன் பேச்ச வெச்சி என்னாத்த முடிவு பண்றது? நீங்களே ஒரு வாட்டி நேர்ல பாருங்க. வேணாம்னு சொன்னீங்கன்னா நாளைக்கே மூடிடட்டும்." எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம், தெரு காலியாக இருந்த நேரத்தில், பெரியப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குள் போனார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பலகை மேல் விறைப்பாக நின்றார். மாமா காசு போட்டுப் பொத்தானைக் காட்டினார். பெரியப்பா அழுத்தினார். முதல் குண்டு படாரென்று வெடித்ததும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ஷாக்கா? பலகை மேலதானே மாமா நிக்கறீங்க" என்றார் மாமா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் அதற்குப் பிறகு பொத்தானைத் தொடவே இல்லை. கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு பனியன்காரனை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடவிட்டார். எதிரிகள் நாலு பேரும் வந்தார்கள். ஒருவன்கூடச் சாகவில்லை. பனியன்காரன்தான் விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். ஆட்டம் முடிந்தது. பாயிண்ட் பூஜ்யம். இவ்வளவு மோசமாக ஆடிய ஒருவரை நான் அந்தக் கடையில் பார்த்ததில்லை.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கடை இருக்கட்டும் மாப்ள. பசங்க ஆடட்டும், பொம்மதானே" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார். "சத்தத்த மட்டும் கம்மி பண்ணிடு. முழுசா."

மாமா ஓடிப்போய்ப் பெட்டிக்குப் பின்னால் இருந்த திருகைக் கடைசிவரை திருப்பினார். அவர் பெங்களூருக்குப் போகவில்லை. அம்மா அன்று இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள்.

எனக்குத்தான் எரிச்சல். சத்தமில்லாமல் சுட்டு, சத்தமில்லாமல் விழுந்து, அது என்ன ஆட்டம்? அதிலும், பட்டாளத்திலிருந்து திரும்பிய நாளிலிருந்தே பெரியப்பாவுக்குக் காது மந்தம். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் அவரைச் சாப்பிடக் கூப்பிட மூன்று முறை கத்த வேண்டும். அப்படிப்பட்டவருக்குத் தெருவைத் தாண்டி எந்தச் சத்தம் கேட்டது என்று அம்மாவைக் கேட்டேன். போய் அவரைச் சாப்பிட வரச் சொல் என்றாள். போனேன். மூன்றாவது முறையிலேயே அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். இருந்த கோபத்தில் நான் நாலாவது முறையும் கத்தினேன்.