ஊரில எவடம்?

கனடாவின் ஸ்காபரோவில் சிறு குற்றம் செய்த பிள்ளைகளைச் சிலவேளை நீதிமன்றம் எங்களைப் போன்ற தன்னார்வலர்களிடம் அனுப்பும். இரு தரப்பையும் இருத்திக் கதைத்து, என்ன பரிகாரம் என்று முடிவு செய்வோம். என் முதல் நாளில், கடையில் களவெடுத்த மகளோடு ஒரு தாய் வந்திருந்தார்; கடைக்காரரும் வந்திருந்தார். தமிழர் என்றதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஊரில நீங்கள் எவடம்?"

அவர் முகம் கறுத்துப்போனது. ஊர் தெரிந்தால் ஆள் தெரியும். ஆள் தெரிந்தால் தமிழர் நிறைந்த எங்கள் மல்வேர்ன் பகுதி முழுக்கக் கதை பரவும்.

எங்கள் குழுவின் தலைவி, பஸ் ஓட்டும் சாந்தி அன்ரி, உடனே குறுக்கிட்டார். "அதுக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. இஞ்ச கதைக்கிறது ஒண்டும் வெளியில போகாது."

தாய் அப்போதுதான் நிமிர்ந்தார். மகள் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, சனிக்கிழமைகளில் அங்கே உதவி செய்யவும் சம்மதித்தாள்.

சில மாதங்களின் பின், ஒரு கலியாண வீட்டில் அதே தாய் உறவினர்களோடு, நானும் சாந்தி அன்ரியும் இருந்த மேசைக்கு வந்தார். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

சாந்தி அன்ரி கதிரையை இழுத்துக் கொடுத்தார். "வாங்கோ, இருங்கோ. உங்களை முந்திக் கண்டதில்லையே. ஊரில எவடம்?"

"வேலணை," என்ற தாயின் கண்கள் கலங்கியிருந்தன.

நான் கேட்டதும் இதே கேள்விதான். ஒவ்வொரு முறையும் இரு தரப்பும் காத்திருக்கும் அறைக்குள் நுழையுமுன் அதை நினைத்துக்கொள்கிறேன்.