அரிசிப்பூவைத் தேடி

காட்டுப்பூக்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்றால், "அது சரி, வேலைக்கு எங்க போறீங்க?" என்று கேட்கிறார்கள். இதே தொழிலில் பாடுபடுகிற உங்களுக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும்.

குளிரில் முழங்கால்

பென்டில் ஹில் பக்கம் ஒரு துண்டுப் புல்வெளி. யாரும் விதைக்காமல் தானாக வளர்ந்தது. அழிந்துவரும் அரிசிப்பூச் செடி அங்கே இருப்பதாக எனக்குச் சந்தேகம். உறுதியானால் இடம் தப்பும். இல்லையென்றால் கார் நிறுத்துமிடம். ஆனால் பூக்காதவரை அதைப் புல்லிலிருந்து பிரித்தறிய முடியாது.

குளிர்காலம் முழுக்க மண்டியிட்டுத் தேடினேன். என்னோடு வேலை செய்யும் சிவா யாழ்ப்பாணத்துக்காரர். நின்றபடியே சொன்னார்: "அக்கா, உங்களப் பாத்தா காதுத்தோட்டைத் துலைச்ச ஆள் மாதிரி இருக்கு."

வசந்தத்தில் சமையல்

இங்கே வசந்தம் செப்டம்பரில்தான், சாக்லேட் வாசனை லில்லிகூடப் பூத்துவிட்டது. என் செடி அசையவில்லை. பூ பார்க்க வந்தவர்களிடம் அரிசிப்பூ பற்றிச் சொன்னதும் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி, சமைக்கக் கொஞ்சம் கொண்டுபோகக் கைப்பையைத் திறந்தார். விஷம், வாயில் வைக்கக் கூடாது என்றேன். அன்ரிக்குக் கோபம்: "அப்ப என்னத்துக்குப் பிள்ளை அரிசியெண்டு பேர் வச்சவங்கள்?"

மழைக்குப் பிறகு

டிசம்பரில் நல்ல மழை. ஒரு மாலை, ஒரே ஒரு வெள்ளைக் கொத்து கண்ணில் பட்டது. இருட்டிவிட்டதால் படம் சரியாக விழவில்லை. காலையில் சிவாவோடு ஓடினால், காம்புதான் மிச்சம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் பக்கம் நடைப்பயிற்சிக்கு வந்த, மதுரைக்காரரான ஓர் அங்கிளின் கையில் பூக்கூடை. நீங்களா பறித்தீர்கள் என்றேன். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை: "ஆமாம்மா, விடியக்காலையிலயே பறிச்சுச் சாமிக்கு வச்சுட்டேன். யாரும் நட்ட செடி இல்லையே, யாருகிட்டப் போயி கேக்குறது?"

பூஜை அறை ஆராய்ச்சி

அங்கிள் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கொத்து வாடாமல் பிள்ளையார் தலையில் இருந்தது. சாமிக்குச் சாத்தியதை எடுத்துத் தரமாட்டேன் என்றுவிட்டார். ஊதுபத்திப் புகையில் கண் எரிய, பூதக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். அதுவேதான். எடுத்த படங்களிலெல்லாம் தும்பிக்கையும் விழுந்தது. சிவா பதிவு செய்யக் கைபேசிச் செயலியைத் திறந்தார்: "அக்கா, பூ இருந்த இடம் எதெண்டு கேக்குது. பிள்ளையாற்ற தலையெண்டு போடவோ?"

புல்வெளி தப்பியது, வேலியும் போட்டாயிற்று. இந்தத் தொழிலின் லட்சணம், மாதக்கணக்கில் முழங்கால் தேய்ந்தது எனக்கு, பூவைக் கண்டெடுத்துப் புல்வெளியைக் காப்பாற்றியவர் என்று கோயிலில் பொன்னாடை விழுந்தது அங்கிளுக்கு.