வெள்ளைப் புகைக்கு யார் காரணம்?

போன வாரம் அடையாறில் ஒரு சர்வீஸ் சென்டரில் என் காரை விட்டேன். டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு அணைவேனா என்று எரிந்துகொண்டிருந்தது. இஸ்திரி கலையாத சட்டையில் ஒருவர் கையில் டேப்லெட்டோடு வந்தார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலியா மேடம்?" என்றார். எந்த சார்? என் வீட்டு சாருக்கு சைக்கிளே தகராறு. வருஷக் கணக்காக வண்டி ஓட்டுகிறவள் நான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

அடக்கிக்கொண்டு, "புகை எதுவும் வரல, நான் பார்த்துட்டேன்" என்றேன். அவர் சிரித்தார். "புகையெல்லாம் இப்ப யார் மேடம் பாக்கறாங்க? ஸ்கேனர் சொல்லிடும்."

யார் பார்க்கிறார்களாம்! மந்தைவெளியில் எங்கள் தெருவே பார்க்கும். காலையில் யார் வீட்டு வண்டி கிளம்பினாலும் இஸ்திரிக்காரரும் எதிர்வீட்டு ரிட்டயர்டு மாமாவும் அதன் பின்னால் போய் நின்றுவிடுவார்கள். கறுப்பா வருதா, பெட்ரோலை அள்ளிக் குடிக்கிறது, ஏர் ஃபில்டரைக் கழற்று. நீலமா, ஆயில் எரிகிறது, பெரிய வேலை. வெள்ளை என்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த வண்டியில் லேசாக வந்து நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. நிற்காமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் இஞ்சினுக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவும் எனக்குக் கல்லூரிக்குப் போகும் முன்பே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், அதைத்தானே சொல்ல வருகிறேன்.

அப்பா திருநெல்வேலிக்காரர். வேலைக்காகச் சென்னை வந்தவர் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினார், பெற்ற பிள்ளைபோல் வைத்துக்கொண்டார். வீட்டில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. மெட்ரோ தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் வீட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் தண்ணீர். கடற்கரை கூப்பிடு தூரம், எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். தனக்கு முடி கொட்டியதே அதனால்தான் என்பாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவுவது அண்ணன் வேலை. கழுவிவிட்டு அதே வாளியிலிருந்து ஒரு மக் மொண்டு ரேடியேட்டரிலும் ஊற்றுவான். சட்டம் சட்டம்தானே.

எனக்கு அடையாறில் முதல் வேலை கிடைத்ததும் அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சாவியை வாங்கினேன். அந்தச் சாவி கைக்கு வந்தபோது எனக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இல்லை.

ஒருநாள் சாயங்காலம் அடையாறு பாலத்தில் கண்ணாடியில் பார்க்கிறேன், பின்னால் ஊரையே காணோம். ஒரே வெள்ளை. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா மேடம், கொசு மருந்து அடிச்சிகினு போறியா?" என்றார். நிறுத்தி நிறுத்தி, ஒருவழியாக மந்தைவெளியில் மெக்கானிக் தாஸ் ஷெட்டில் கொண்டு போட்டேன். அப்பாவும் அண்ணனும் ஓடி வந்தார்கள். தாஸ் சைலன்சருக்குப் பின்னால் உள்ளங்கையைக் காட்டினார், நனைந்துவிட்டது. "தண்ணி சார். கேஸ்கெட் போய்கீது." இஞ்சினுக்குள் தண்ணீரை விடாமல் தடுக்கிற அடைப்பு அது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "என்னட்டி செஞ்ச? கிளட்ச மிதிச்சுக்கிட்டே ஓட்டுனியா?"

கிளட்சுக்கும் கேஸ்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் ஐயா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு! சூடு ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார்கள். வாயைச் சுற்றி எங்கள் வீட்டுக் குழாயில் பூத்த அதே வெள்ளை. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். சிரிக்காதீர்கள், ஆத்திரத்தில் வேறு வழி தோன்றவில்லை. "உப்புப்பா! போர் தண்ணிதான் இஞ்சின அரிச்சிருக்கு!" என்று கத்தினேன். எல்லாரும் எனக்குப் பேய் பிடித்ததுபோல் பார்த்தார்கள். தாஸுக்குத் தெரியும், அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அப்பாவைப் பார்த்துக்கொண்டு, "லேடீஸ் ஓட்னா கொஞ்சம் சூடு ஏறத்தான் செய்யும் சார்" என்றார். அந்த மனுஷனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

வீட்டில் அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "கொழாயே அரிச்சுப் போகுது, இஞ்சின் அரிக்காதா?"

"நீ சும்மா கெட" என்றார் அப்பா. வாசல் ஆணியில் தொங்கிய சாவி பீரோவுக்குள் போனது. பிறகு அண்ணன் கைக்குப் போனது. நான் பஸ்ஸுக்குப் போனேன்.

கேஸ்கெட் மாற்றினார்கள். சட்டத்தை மாற்றவில்லை. அடுத்த கோடையில் லஸ் சிக்னலில் அண்ணன் கையில் அதே வெள்ளைப் புகை. இப்போது என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்பா வண்டியைச் சுற்றி வந்தார், பானெட்டைத் தடவினார். "பாவம், வண்டிக்கும் வயசாயிட்டுல்லா" என்றார். நான் ஓட்டினால் என் காலில் கோளாறு, அவன் ஓட்டினால் வண்டிக்கு வயசு! என்ன நியாயம் இது?

பிறகு என் சம்பளத்தில் நான் கார் வாங்கினேன். அப்பா முன் ஸீட்டில் உட்கார்ந்து கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்தார். ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். "அன்னிக்கு ஒந்தப்பு இல்லட்டி" என்று ஒரு வார்த்தை. சாலையைப் பற்றிப் பேசுவார், வெயிலைப் பற்றிப் பேசுவார். அதை மட்டும் கண்ணை மூடும்வரை பேசவே இல்லை.

தாஸ் ஷெட் இருந்த இடத்தில் இப்போது அபார்ட்மெண்ட். ரேடியேட்டரில் கலர் கலராக ஏதோ ஊற்றுகிறார்கள், மக்கும் வாளியும் வேண்டாம். வண்டிக்குப் பின்னால் போய் நிற்க தெருவில் ஒருத்தரும் இல்லை.

சாயங்காலம் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. "சென்சார்தான் போயிருக்கு மேடம். உங்க டிரைவிங்ல ஒரு தப்பும் இல்ல."

முன்பின் தெரியாத ஒருவர், போகிற போக்கில், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

"மேடம், லைன்ல இருக்கீங்களா? வண்டி எடுக்க சார் வருவாரா?"

"வர வேண்டிய சார் போய்ச் சேர்ந்துட்டார்ப்பா" என்றேன். "நானே வரேன்."