ஜிப்புக்காரிக்கு ஒரு கையெழுத்து

"இழுக்காதீங்க!" என்று அவள் கத்தும்போது வாடிக்கையாளர் இன்னும் வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். ஜிப் துணியைக் கவ்விக்கொள்ளும்போது வரும் அந்தச் சின்னக் கரகரப்பே அவள் காதுக்குப் போதும். தலையைத் தூக்காமல் கையை நீட்டுவாள். பை கைக்கு வந்ததும் முதலில் ஜிப்பைப் பார்ப்பாள், பிறகு தையலைப் பார்ப்பாள். கடைசியில், மனமிருந்தால், பையைக் கொண்டுவந்த மனிதரையும் ஒரு பார்வை பார்ப்பாள்.

ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அவள் நிறுவனம். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். ஆகவே முதலாளி எப்போதும் கொஞ்சம் குனிந்தே இருப்பாள், அதைப் பணிவு என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தப்பு. ஒரு மேசை, ஒரு விளக்கு, பெரியதும் சிறியதுமாக இரண்டு குறடு, ஒரு துண்டு மெழுகுவர்த்தி. ஜிப்பை ஏற்றி இறக்கும் அந்தச் சின்ன இரும்புத் துண்டுக்கு ரன்னர் என்று பெயர். அதன் முதுகில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். எண் வாரியாக ரன்னர்களைப் பிரித்துக் காலி மாத்திரை டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறாள். சுவரில் ஓர் அட்டை: 'இங்கே ஜிப் சரிசெய்யப்படும். புது ஜிப் தேவையில்லை என்றால் அதையும் சொல்லிவிடுவோம்.' சொல்லிவிட அங்கே இருப்பது அவள் ஒருத்திதான். வயது பதினாறு முடிந்து ஐந்து மாதம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, நாலு மணிக்குக் கடை திறப்பாள்.

"புது ஜிப்பே போட்டுடு பாப்பா" என்று பெட்டியை இறக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. புது ஜிப்புக்காகக் கொஞ்சம், பாப்பாவுக்காக மீதி.

"எதுக்குப் புதுசு? பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரன்னர்தான் வாயப் பொளந்துகிட்டு நிக்குது."

குறட்டால் ரன்னரின் இரண்டு பக்கத்தையும் ஒரு அழுத்து, மெழுகால் பற்களின்மேல் ஒரு தேய்ப்பு. பெட்டி வெண்ணெயாக மூடிக்கொள்ளும். ஆனால் அதோடு விட்டுவிட மாட்டாள். வந்தவரும் அவள் கண் முன்னால் மூன்று முறை மூடித் திறந்து காட்ட வேண்டும்.

"ஒரு கை இழுக்கணும். இன்னொரு கை துணியப் பிடிச்சுக்கணும். பிடிக்கிற கைதான் சார் முக்கியம். எல்லாரும் இழுக்கிற கையத்தான் நம்புறீங்க."

ஒரு முறை வங்கி மேலாளர் ஒருவர் கோட்டும் சூட்டுமாக அங்கே குனிந்து நின்று மூன்று முறை மூடித் திறந்தார். இரண்டாவது தடவை ஒரு கையால் இழுத்துவிட்டாராம், நான்காவது முறையும் செய்ய வைத்தாள். "இங்க பெரியவங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டிருக்கிறார் பாவம். "இருக்காங்க சார். நான்தான்" என்று பதில் வந்தது.

இப்படி ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தவளுக்குத்தான் மாடிப்படியைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடச் சங்கத்தின் கடிதம் வந்தது. தீப்பிடித்தால் ஆட்கள் இறங்குகிற வழியில் கடை இருக்கக் கூடாதாம், மாத முடிவுக்குள் எடுத்துவிட வேண்டுமாம். அவள் அழவில்லை. மறுநாளே பள்ளிச் சீருடையோடு சந்தை அலுவலகத்துக்குப் போய்விட்டாள். சந்தையில் பதினாலாம் எண் கடை காலியாக இருந்தது. பூட்டுச் சாவி செய்கிறவருக்கும் குடை ரிப்பேர்காரருக்கும் நடுவில் ஓர் அரைக் கடை. கூரை உயரம். நிமிர்ந்து உட்காரலாம்.

அலுவலகத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட அம்மா ஒருவர் இருந்தார். நல்ல மனுஷி. சட்டத்தைக்கூடச் சண்டை போடாமல் சொல்லக்கூடியவர்.

"தொழில் உன்னுதும்மா, அதுல சந்தேகமே இல்ல. உன்கிட்டேர்ந்து யாரும் பிடுங்க முடியாது. ஆனா பதினெட்டு ஆகாதவங்க வாடகைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அவங்களே வந்து, நான் சின்னப் பிள்ளை, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடலாம். அப்ப நாங்க என்ன பண்றது?"

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."

"சரி."

"வேணும்னா, சொல்ல மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"அதுவும் நீ போட்ட கையெழுத்துதானேம்மா."

அன்று அவள் கடை திறக்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பழகிப் பழகி, அச்சில் வார்த்தது மாதிரி ஒரு கையெழுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு மாத்திரை டப்பாவின் அடியிலும் அது இருக்கிறது. அது இன்னும் ஒன்றரை வருஷத்துக்குச் செல்லாது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. "அதுவரைக்கும் நான் யாராம்?" என்று வீட்டில் தன் அம்மாவிடம் கேட்டாள். "என் பொண்ணு. போய் முகம் கழுவு" என்றாள் அம்மா.

பெரியவர் ஒருவர் பாதுகாவலராகக் கையெழுத்திட வேண்டும். அப்பா கப்பலில் வேலை செய்கிறார், வருஷத்துக்கு இரண்டு முறைதான் தரை மிதிப்பார். அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வியாபாரப் பத்திரத்தில் பேர் வந்தால் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள். இருவரும் சம்மதம் எழுதிக் கொடுத்துக் கைகாட்டியது மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை. லிஃப்ட் மெக்கானிக். மருமகளை "முதலாளி" என்றே கூப்பிடுகிறவர். செய்தி கேட்டதும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அப்ப இனிமே முதலாளி யாரு?"

"நான்தான். நீங்க கையெழுத்து."

அங்கேதான் வினை. மாமாவுக்குக் கையெழுத்து என்பது ஒன்றல்ல. அன்றைக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் கையெழுத்து. ஒரு நாள் பேரை முழுசாக எழுதுவார், ஒரு நாள் முதல் எழுத்தோடு நிறுத்துவார், ஒரு நாள் மலைத்தொடர் மாதிரி ஏதோ வரைந்து அடியில் கோடு இழுப்பார். கேட்டால் காரணம் வைத்திருந்தார். "ஒரே மாதிரி போட்டா எவனாவது பாத்துப் போட்டுருவான். இப்ப என் கையெழுத்த யாராலயும் போட முடியாது தெரியுமா?"

"உங்களாலயே போட முடியலையே மாமா!"

சந்தை அலுவலகம் கேட்டதோ அடையாள அட்டையில் இருக்கும் அதே கையெழுத்தை. அட்டை எடுத்தபோது மாமாவுக்கு இருபத்திரண்டு வயது. சாய்வாக மூன்று எழுத்து, பிறகு ஒரு கோடு, கோட்டின் முடிவில் அழகாக ஒரு சுழி. மாமா அதை யாரோ அந்நியரின் கையெழுத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பத்திரம் போய்ச் சேராவிட்டால், பதினாலாம் எண் கடை வரிசையில் அடுத்து நின்ற செல்போன் உறைக்காரருக்குப் போய்விடும்.

"இந்தச் சுழி என்ன மாமா?"

"சுழின்னா சுழிதான்."

"இல்லையே, ஏதோ எழுத்து மாதிரி இருக்கு."

மாமா சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசு. உங்கத்தைக்குக் காது கூர்மை."

"எனக்கு எப்பவோ தெரியும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கம்ப்யூட்டர் கிளாஸுக்குக் கூட வந்தவளோட முதல் எழுத்து. அந்தச் சுழிய ஒழுங்காப் போட்டுக் குடுங்க, பிள்ளைக்குக் கடை வரட்டும்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில், டீக்கு முன்னால் இருபது கையெழுத்து என்று உத்தரவானது. இரண்டு நாளில் பழைய நாள்காட்டித் தாள்களின் முதுகெல்லாம் மாமாவின் பெயரால் நிரம்பின. எழுத்துகள் வந்துவிட்டன. கோடு மட்டும் மேலே ஏறியது, கீழே இறங்கியது, சுழி எங்கோ போய் விழுந்தது. டீ ஆறியது. "எனக்கு வரல முதலாளி, என்னை விட்டுடு" என்று நிஜமாகவே கெஞ்சினார் மாமா.

மூன்றாம் நாள் அவள் கையெழுத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தாள். கோடு இழுக்கும்போது தாள் நகர்ந்துகொண்டிருந்தது. மாமாவின் இடது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

"அந்தக் கை அங்க என்ன பண்ணுது?"

மாமா குனிந்து பார்த்து, தானே ஆச்சரியப்பட்டார். "கரண்ட் இருக்கிற எடத்துல ஒரு கைதான் வேலை பாக்கணும். இன்னொண்ணு பாக்கெட்ல இருக்கணும். ரெண்டு கையும் உள்ள விட்டா ஆளக் காவு வாங்கிடும். வேலைக்குச் சேந்த அன்னிக்குச் சொல்லிக் குடுத்தது."

"வேலைக்கு எப்ப சேந்தீங்க?"

"இருபத்திமூணுல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பல்லெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிடிக்கிற கைதான் இல்லை. மாமாவின் கையைப் பையிலிருந்து வெளியே இழுத்துத் தாளின்மேல் வைத்தாள். "இதுல கரண்ட் இல்ல மாமா. போடுங்க." மாமா போட்டார். சுழி, இருபது வருஷம் கழித்து, தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்குச் சந்தை அலுவலகம். பத்திரம் இரண்டு பிரதி, தவறினால் மாற்றிப் போட ஒன்று உபரி. கண்ணாடி அம்மாவின் கைப்பை, ஜிப் பாதியில் நின்று, மேசைமேல் கிடந்தது. இவளுக்குக் கை சும்மா இருக்குமா? கேட்டுக்கொண்டே எடுத்துவிட்டாள். சீருடைப் பையில் குறடு எப்போதும் உண்டு. ஒரு அழுத்து, சரியாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மூன்று முறை மூடித் திறந்து காட்டவும் செய்தார். இனி காரியம் பழம்தான் என்று நம் முதலாளி மனசுக்குள் கடை திறந்துவிட்டிருப்பாள்.

முதல் பிரதி அப்படியே பொருந்தியது. இரண்டாவதில் மாமாவுக்குத் தன்னம்பிக்கை வந்துவிட்டது. சுழிக்குக் கீழே, கூடுதல் பாதுகாப்புக்கு, ஒரு கோடும் இழுத்து இரண்டு புள்ளியும் வைத்தார்.

"ரொம்ப நன்றிம்மா, பை புதுசாட்டம் ஆயிடுச்சு" என்றார் அந்த அம்மா. அதே மூச்சில், "இது சேரல. ஒரே ஒரு தாள்தான் மீதி. இதுவும் சேரலன்னா திங்கக்கிழமை வாங்க."

திங்கட்கிழமை வந்தால் கடையில் செல்போன் உறைகள் தொங்கும். மணி நாலாகப் பத்து நிமிஷம். அவள் முகம் சுருங்கிவிட்டது, முதன்முறையாகப் பதினாறு வயதுப் பிள்ளையாகத் தெரிந்தாள். மாமாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. இடது கை, பயம் வந்தால் எங்கே போகுமோ அங்கே, சத்தமில்லாமல் கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது.

அவள் அதைப் பார்த்தாள். சொல்ல வாயெடுத்தாள், சொன்னால் இன்னும் பதறிவிடுவார் என்று விட்டுவிட்டாள். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து தன் இடது கையை விரித்து, 'உரிமையாளர்' என்று அச்சிட்டுத் தன் பெயர் எழுதியிருந்த வரியின்மேல் வைத்துத் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி அம்மா நிமிர்ந்து பார்த்தார். மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார். மூன்று எழுத்து, கோடு, சுழி.

அந்த அம்மா அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார்.

"சேந்துடுச்சு. கைய எடும்மா."

"மை காயட்டும்" என்றாள் அவள். கையை எடுக்கவில்லை.