அறுத்த வலையும் ஆவுளியாவும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதக் காலை. என்னோடு திருச்சியில் வேலை பார்க்கும் தோழியின் ஊரான கட்டுமாவடிக்குப் போயிருந்தேன். கீரனூர்க்காரியான எனக்குக் கடல் என்றால் டிவியில் பார்ப்பதுதான். அங்கே ஆவுளியா என்று சொல்லும் கடல்பசுவைப் பார்த்தே தீருவேன் என்று நச்சரித்து, தோழியோடு அவள் அண்ணன் படகில் ஏறிவிட்டேன்.

தூரத்தில் டால்பின்கள் துள்ளின. எனக்கு வாந்தியும் வந்தது. அப்போதுதான் குட்டி ஆவுளியா ஒன்று படகை உரசிக்கொண்டு வந்தது. விளையாடத்தான் வருகிறதென்று குதூகலமாகப் போனை எடுத்தேன். அண்ணன் இன்ஜினை நிறுத்தினார்.

“வெளையாடலங்க. ஆத்தாளைக் காணாம படகை ஒட்டுது. ஆத்தா எங்கயோ வலையில மாட்டியிருக்கும்.”

கொஞ்ச தூரத்தில் ஒரு வலையின் மிதவைகள் வெட்டி வெட்டி இழுபட்டன. அண்ணன் படகை அதன் பக்கத்தில் கொண்டுபோனார். மேலே வந்து மூச்சு விடாவிட்டால் ஆவுளியா செத்துப்போகும். ஆனால் அது அடுத்தவர் வலை. அங்கே அடுத்தவர் வலையை யாரும் தொடவே மாட்டார்கள். அறுத்தால் காலத்துக்கும் பகை. மிதவையின் நிறத்தைப் பார்த்தே யாருடையதென்று கண்டுபிடித்து அண்ணன் போன் போட்டார். சிக்னல் இல்லை.

“அறுத்துவிடுங்கண்ணே” என்று கெஞ்சினேன். எனக்கென்ன, சாயங்காலம் பஸ் ஏறிவிடுவேன். அந்த ஊரில் வாழ வேண்டியவர் அவர்தானே. குட்டியை ஒரு தரம் பார்த்தார். கத்தியோடு குதித்துவிட்டார்.

நானும் தோழியும் வலையை மேலே இழுத்துப் பிடித்தோம். பெரிய மூக்கு தண்ணீருக்கு மேலே வந்து, புஸ்ஸென்று விட்ட மூச்சு என் முகத்தில் அடித்தது. அழுதுவிட்டேன். கடைசிக் கண்ணி அறுந்ததும் அது மெல்ல நகர, குட்டி ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. அண்ணன் தன் துண்டை மிதவையில் கட்டினார். அறுத்தது யாரென்று வருகிறவருக்குத் தெரிய வேண்டுமாம்.

கரையேறியதும் நேரே வலைக்காரர் வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்றபடியே அண்ணன் நடந்ததைச் சொன்னார்.  

“குட்டி ஆத்தாகூட சேந்துருச்சுல்ல?” என்றார் வலைக்காரர்.

“சேந்துருச்சுண்ணே.”

“பெறகென்ன, சாப்புட்டுப் போங்க.”

யாராவது எனக்கு நஷ்டம் வைத்துவிட்டால் கோபம் இப்போதும் பொங்கத்தான் செய்கிறது. ஆனால் தன் வலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத அந்த மனிதர் கண்முன் வந்து நிற்கிறார், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.