மாமியார், நான், ஒரு பெருச்சாளி

எனக்குப் பிடித்த வீடியோ கேம்களைப் பற்றிப் பேச மலாக்காவில் எனக்கு ஆள் கிடைத்ததே இல்லை. ஆபீசில் இருக்கிறவர்கள் டிவியில் பந்து விளையாடுவார்கள். இல்லையென்றால் போனில் ஐந்து பேர் சேர்ந்துகொண்டு இன்னொரு ஐந்து பேரைச் சுடுவார்கள். நான் விளையாடுவது வேறு ரகம். பெரிய இருட்டுக்குள் ஒரு சின்ன உருவம் இருக்கும். அது தாவித் தாவி மேலே ஏற வேண்டும், கீழே இறங்க வேண்டும். எங்கே போவது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். போன இடம் மட்டும் வரைபடத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும். எட்டாத மேடு ஒன்று இருக்கும். ஊரெல்லாம் சுற்றி, இன்னும் உயரமாகத் தாவும் பலம் கிடைத்ததும் திடீரென்று அந்த மேடு ஞாபகத்துக்கு வரும். திரும்பிப் போய் அதில் ஏறி நிற்கிற சந்தோஷம் எனக்குச் சம்பள நாளில்கூட வந்ததில்லை.

அதிலும் பேர் போன கேம்கள் எனக்கு ஆகாது. எங்கோ ஒரு நாட்டில் இரண்டு பேர் வாடகை அறையில் உட்கார்ந்து செய்ததாக இருக்க வேண்டும். பறக்கத் தெரியாத வவ்வால் ஒன்று மணிக்கூண்டுக்குள் ஏறுகிற கேம் ஒன்று உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய ஊரில் ஒரு நத்தை தன் ஓட்டைத் தேடி அலைகிற கேம் இன்னொன்று. அந்த நத்தைக்கு ஓடு கிடைத்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

"கெடச்சிருச்சா? நல்லது லா. குப்பைய வெளிய வைங்க," என்றாள்.

இப்படி இருந்த வீட்டுக்குத்தான் மாமியார் வந்து சேர்ந்தார், வலது காலில் மாவுக்கட்டோடு.

அவருக்கு ஊர் நியாலாஸ் பக்கம். எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியே பிள்ளைகளை வளர்த்தவர். இப்போது இளைய மகன் வீட்டில் இருக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. அங்கே மகனும் மருமகளும் பகலெல்லாம் ஃபேக்டரியில் இருப்பதால், கட்டுப் பிரிக்கும் வரை தெங்கேராவில் எங்கள் வாடகை வீட்டில் இருக்கட்டும் என்று முடிவானது.

ஒரு சிக்கல் இருந்தது. கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமெல்லாம் இல்லை. மாப்பிள்ளை என்ற மரியாதைதான். நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமான்னு கேளு," என்று மகளிடம் சொல்வார். நானும், "போதும்னு சொல்லு," என்று மனைவியிடம் சொல்வேன். மனைவி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

மனைவி நர்ஸ், ஷிப்ட் வேலை. அவள் இல்லாத சாயங்காலங்களில் மாமியார் என்னிடம் சொல்ல வேண்டியதை மின்விசிறியிடம் சொன்னார். "சாம்பார் அடுப்பு மேல இருக்கு. சுட வச்சாப் போதும்," என்று மேலே பார்த்துச் சொல்வார். நானும் விசிறியைப் பார்த்துத் தலையாட்டுவேன்.

டிவி இருப்பது ஹாலில். அவர் காலை நீட்டி உட்கார வசதியான சோபாவும் ஹாலில். நான் ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கும் கம்பெனியில் போன் எடுக்கிறவன். நாள் முழுக்க வேர்த்துக் கொட்டுகிறவர்களிடம் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வருவேன். நான் உள்ளே நுழைந்ததும் அவர் தன் சீரியலை நிறுத்திவிடுவார். மாப்பிள்ளை பார்க்கட்டும் என்று. அத்தை பார்க்கட்டும் என்று நான் ரிமோட்டைத் தொடமாட்டேன். அணைந்து கிடக்கும் டிவியை இரண்டு பேரும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்த மனைவி இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டாள். "என்னா இது, யாராச்சும் செத்துட்டாங்களா? உங்க கேமாச்சும் போடுங்களேன்!" என்று கத்தினாள். போட்டேன்.

அப்போது நான் ஆடிக்கொண்டிருந்தது ஒரு எலிக் கேம். மண்ணுக்குள் புதைந்துபோன ஒரு பட்டணத்தில், முதுகில் கூடை கட்டிய எலி ஒன்று மேலே போக வழி தேடுகிறது. கீழே கிடக்கும் பழங்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டால் தாவும் பலம் கூடும். இதைவிடக் குறைவான பேருக்குத் தெரிந்த கேமை நான் ஆடியதில்லை.

மாமியார் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விசிறியிடம் சொன்னார்: "பெருச்சாளி. உதிரிப் பழம் பொறுக்குது."

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து: "கூலி உண்டான்னு தெரியல."

மறுநாளும் பார்த்தார். அதற்கடுத்த நாள் நான் ஒரு குழிக்குள் மாட்டிக்கொண்டு, சுவரில் முட்டி முட்டி விழுந்துகொண்டிருந்தேன். மனைவி வீட்டில் இல்லை. என் பின்னாலிருந்து ஒரு அதட்டல் வந்தது.

"மேல! மேல பாருங்க மாப்பிள்ளை! கல்லு நீட்டிக்கிட்டு இருக்கு!"

கல் நீட்டிக்கொண்டுதான் இருந்தது. தாவி ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "தேங்க்ஸ் அத்தை," என்றேன். "அந்தப் பக்கம் ரெண்டு பழம் விட்டுட்டீங்க. மண்டோர் பாத்தா திட்டுவாரு," என்றார், தோட்டத்துக் கங்காணியை நினைத்து. அன்றிலிருந்து விசிறிக்கு வேலை போய்விட்டது.

அவர் சொல்லும் வழிகளில் பாதிக்கு மேல் தப்பு. "எடது பக்கம் போங்க" என்பார், போனால் முள். "குதிங்க, தண்ணி ஆழமில்ல" என்பார், எலி செத்துப்போகும். "சரி, அது போகாத வழின்னு தெரிஞ்சிருச்சுல்ல" என்பார். ஆனால் ஒரு பழத்தைக்கூட விடச் சம்மதிக்கமாட்டார். கூடை நிறைந்து வழிந்தது.

பிறகு ஆந்தை வந்தது.

பட்டணத்தின் உச்சியில் கூடு கட்டியிருக்கும் பெரிய ஆந்தை. அதை வென்றால்தான் அதற்கப்பால் போகலாம். எனக்கு அது பகை. மாமியாருக்கு அப்படி இல்லை. செம்பனைத் தோட்டத்தில் எலிதான் பகை. பழக்குலையைக் கடித்து நாசம் பண்ணும். அதைப் பிடிப்பதற்கென்றே தோட்டத்தில் கம்பத்துக்கு மேல் மரப்பெட்டி கட்டி ஆந்தை வளர்ப்பார்கள்.

"ஆந்தைய அடிக்கக் கூடாது மாப்பிள்ளை. அது நம்ம ஆளு."

"அத்தை, நம்ம ஆளு எலி."

"எலி எப்படிங்க நம்ம ஆளாவும்?"

ஒவ்வொரு சாயங்காலமும் உச்சிக்கு ஏறுவேன். ஆந்தை என்னைத் தூக்கிப் போடும். மறுபடியும் கீழிருந்து ஏறுவேன். ஒவ்வொரு முறை நான் சாகும்போதும் மாமியார், "அடடா, பாவம்," என்பார். அவர் முகத்தில் பாவம் எதுவும் தெரியாது.

ஒருவழியாக ஒரு சனிக்கிழமை ஜெயித்துவிட்டேன். துள்ளிக் குதித்துத் திரும்பினால் மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடியாப்பம் வாங்கி வந்து வைத்தேன். பசியில்லை என்று விசிறியிடம் சொன்னார்.

மனைவி வந்ததும் என்னைத் தனியாக அடுக்களைக்கு இழுத்துப் போனாள். "எங்கம்மாவ என்னா பண்ணீங்க?"

"ஆந்தையைக் கொன்னுட்டேன்."

அவள் ஸ்டெதஸ்கோப்பைத் தேடுவது போல் என்னைப் பார்த்தாள்.

இரண்டு நாளில் மாமியாரின் மனம் ஆறிவிட்டது. ஆனால் கேம் ஆறவில்லை. ஆந்தையை வென்ற பிறகும் வழி கிடைக்கவில்லை. பட்டணத்தின் அடியில் ஒரு வட்டக் கல் கதவு. அதில் பெரிதாக ஒரு காது செதுக்கியிருந்தது. இடித்தேன், மிதித்தேன், அதன் முன்னால் சும்மா நின்றேன். அசையவில்லை. பிரபலமான கேம் என்றால் இணையத்தில் ஆயிரம் பேர் விடையைப் போட்டிருப்பார்கள். இதற்கு ஒரே ஒரு பக்கம் கிடைத்தது. அதில் ஒரே ஒருவர், "காதுக் கதவைத் திறப்பது எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். பதில் எதுவும் இல்லை. "எனக்கும் தெரிய வேண்டும்," என்று அதற்குக் கீழே நானும் எழுதி வைத்தேன்.

வாரங்கள் போயின. ஆபீசில் போனை எடுத்து, "சார், கதவு..." என்று ஆரம்பித்துவிட்டு, "கம்ப்ரஸர்" என்று திருத்திக்கொண்டேன்.

அப்புறம் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து கேமைப் போட்டேன். எலி நான் விட்டுப் போன இடத்தில் இல்லை. நான் பார்த்தேயிராத ஒரு குளக்கரையில், சிவப்பு வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தது. வரைபடத்தைத் திறந்தேன். காதுக் கதவு திறந்திருந்தது. கூடை காலி.

கன்ட்ரோலரை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மாமியார் தடவுகிற தைல வாசனை அடித்தது. மாமியார் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, டிவியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபத்தில் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அந்தக் கதவை நான்தான் திறந்திருக்க வேண்டும். ஆனால் மாமியாரிடம் எப்படிக் கோபப்படுவது? நேரே குளியலறைக்குப் போய் மனைவிக்குப் போன் செய்தேன்.

"உங்கம்மா கதவைத் திறந்துட்டாங்க."

"யாரு வந்தா? கிரில்ல பூட்டச் சொன்னேன்ல?"

"வீட்டுக் கதவு இல்ல. கேம் கதவு."

"நான் வார்டுல இருக்கேன்," என்று வைத்துவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் விசாரித்தாள்.

"நான் தொடவே இல்லடி," என்றார் மாமியார். "தூசியா இருந்துச்சு, தொடச்சேன். அதுல பட்டிருக்கும்."

"தொடச்சா கதவு தொறக்குமாம்மா?"

மாமியார் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார். என்னால் அடக்க முடியவில்லை. அவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அத்தை, கோவமெல்லாம் இல்ல. எப்படித் தொறந்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. ராத்திரி தூக்கமே வரல."

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அந்த ஆந்தை திரும்ப வந்திருச்சான்னு பாக்கப் போனேன். எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். நீங்க அத்தன வாட்டி செத்துச் செத்துப் போனீங்கல்ல, மனப்பாடம் ஆயிருச்சு. ஆனா மத்தியானம் பூரா அந்தப் பெருச்சாளி சுவத்துலயே முட்டிக்கிட்டு நின்னுச்சு."

"போனதும்?"

"ஆந்தை இல்ல. கூட்டுல ஒரு குஞ்சு வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு. பாவமா போச்சு. ஒரு பழம் கொடுக்கலாம்னு எல்லா பட்டனையும் அமுக்குனேன். கூடையே கவுந்திருச்சு."

"எல்லாப் பழமுமா?" தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"எல்லாந்தான். தின்னுட்டு அது ஒரு கத்து கத்துச்சு பாருங்க, கீழ எங்கயோ கல்லு நவுர்ற சத்தம் கேட்டுச்சு. என்னான்னு பாக்க சத்தம் வந்த பக்கம் எறங்குனேன், ஒரு கொளத்தங்கரையில போய் நின்னுருச்சு."

காது. கதவுக்குக் காது செதுக்கியிருந்தது. நான் அதை இடித்துக்கொண்டே இருந்தேன்.

"ஆந்தை பழம் திங்குமாம்மா?" என்றாள் மனைவி.

"வேற என்னத்தக் கொடுக்குறது? எலியத்தான் கொடுக்கணும். அது மாப்பிள்ளையோட எலி."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அன்று சாப்பிட்டதும் இணையப் பக்கத்தில் விடையை எழுதினேன். மறுநாளே அந்த முகம் தெரியாத ஆள், "அற்புதம்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டிருந்தார். "மாமியார்," என்று பதில் போட்டேன். "உங்கள் மாமியாருக்கு என் வணக்கம்," என்று வந்தது. அதைப் படித்துச் சொன்னபோது மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "எந்த ஊருப் பையன்? சாப்பிட்டானான்னு கேளுங்க," என்றார்.

அதற்குப் பிறகு கன்ட்ரோலர் எங்கள் இருவருக்கும் பொது. சண்டை என்றால் நான், பழம் என்றால் அவர். கட்டுப் பிரிப்பதற்கு முன்னால் எலி மேலே வந்து சூரியனைப் பார்த்தது. "அவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு பாடு?" என்றார் மாமியார். ஆனால் கேம் செய்தவர்களின் பெயர்கள் ஓடி முடியும்வரை அணைக்கவிடவில்லை. ஓடியவை இரண்டே பெயர்கள். "ரெண்டே பேருதானா? பாவம், ஆள் பத்தல," என்றார்.

கால் சரியாகி அவர் நியாலாஸுக்குத் திரும்பிய பிறகு, சிம்பாங் அம்பாட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் சந்தித்தோம். பந்தலில் பெரியவர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நான் புது வேட்டியில் அடக்கமாக நுழைந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து மாமியார் எழுந்து, பந்தல் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்:

"மாப்பிள்ளை! அந்தக் கொளத்துக்கு அடியில இன்னொரு வழி இருக்குன்னீங்களே, பெருச்சாளி அதுக்குள்ள பூந்துச்சா?"

"இன்னும் இல்ல அத்தை. தண்ணியில எறங்க மாட்டேங்குது."

பந்தலில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. மாமியார் மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால்கூட அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. என் பக்கத்தில் இருந்த மனைவியின் பெரியப்பா மட்டும் என் தோளில் ஆறுதலாகக் கை வைத்தார்.

"தெங்கேரா பக்கம் பழைய வீடுங்கதானே தம்பி. சாக்கடை எலி ஜாஸ்தி. வெக்கப்படாதீங்க."

விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். மனைவி என் காலை மிதித்தாள். வீடியோ கேம் என்பதைவிட எலி என்பது கௌரவம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா காரை ஓட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பெரிய கம்பிக்கூண்டு. உள்ளே கருவாட்டுத் துண்டைக் கட்டி, அடுக்களையில் வாஷிங் மிஷினுக்குப் பின்னால் அவரே வைத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பார்த்தால் கூண்டில் நிஜமாகவே ஒரு பெருச்சாளி இருந்தது. மனைவி அன்று முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. கேம் பெருச்சாளி என்பதெல்லாம் வெறும் சாக்காம்; வீட்டில் எலி இருப்பது தெரிந்தும், ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் மறைத்துவிட்டேனாம்.