தலையாட்டாத முகமூடி

1987இல், மன்னாரிலிருந்து ஜெர்மனியின் ஹனோவருக்கு அகதியாய் வந்த இராயப்புவுக்கு ஓர் ஓபராவில் பேச்சில்லாத வேடம் கிடைத்தது. தன் தோழனை உயிராய்க் காதலித்த பழங்காலத்து ராஜாவின் கதை. தோழனைக் கொல்லப் பிரபுக்கள் தேடி வரும்போது, சாக்கு முகமூடி போட்ட இராயப்பு, இவன்தான் என்று தோழனைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். தயங்கிய இராயப்புவிடம், இதில் என்ன கஷ்டம் என்றார் இயக்குநர்.

இராயப்பு சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஊரில் இப்படியொரு சாக்கு முகமூடி தலையாட்டித்தான் ஆமிச் சிப்பாய்கள் அவருடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

“நடிப்புத்தானே, ஆட்டிப்போட்டு வாங்கோ,” என்றாள் மனைவி சிசிலி.

“ஏலாது.”

மேடையில் ராஜா கதறிப் பாடினார். இராயப்பு முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு அசையாமல் நின்றார். வாத்தியங்கள் அவருக்காக நிற்கவில்லை. யாரும் தலையாட்டாமலே பிரபுக்கள் தோழனை இழுத்துக்கொண்டு போனார்கள்.